ஒரு டின், ஐநூறு கிராம்

இல்ல மேடம், மொதல்லயே சொல்லிடறேன். நான் சொல்றது முன்ன பின்ன மாறிடுச்சின்னா அத அப்படியே எழுதிடாதீங்க. எனக்குக் கோர்வையா சொல்ல வராது. பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டா டிரைவரு வீட்டுச் சண்டையிலேருந்து ஆரம்பிப்பேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அதுவும் நீங்க சுகாதார ஆபிஸ்லேருந்து வந்திருக்கீங்க, கையில டேப்லட்டு, கழுத்துல அட்ட. நேத்து நீங்க போன் பண்ணதுலேருந்து வீட்ட மூணு தடவ கூட்டிட்டேன்.

உக்காருங்க. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. தேத்தண்ணி கலக்கட்டுமா? வேலையா வந்த எடத்துல குடிக்கக் கூடாதா? வெறுந்தண்ணி? அதுவும் வேண்டாமா. சரி சரி, நான் ஒண்ணும் நெனைக்கல. அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் என் கையால யாரும் பச்சத் தண்ணிகூட வாங்கறது இல்ல. நேத்து கோயில்ல பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தவளுக்கு மிட்டாய் நீட்டுனேன், பேப்பர பிரிச்சி மோந்து பாத்துட்டு பையில போட்டுக்கிட்டா.

பேரு சிசிலியா. வயசு அம்பத்திரெண்டு. படிப்பா? ஆறாவது முடிச்சேன், அப்புறம் மலாய் ஸ்கூல்ல மொழி பழக ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸ், அதுல பாதி. பாதின்னு எழுத எடம் இல்லையா? அப்ப ஆறாவதுன்னே போட்டுக்குங்க. அந்தோணிராஜ் முதலாளியோட கேட்டரிங்ல பெரிய சமையக்காரி. பதினாலு வருஷம். டுரியான் துங்கால்ல டயர் கடைக்குப் பின்னால, நீங்க போயி சாம்பிள் எடுத்தீங்களே, அந்தக் கிச்சன்தான்.

முதலாளிகிட்ட பேசிட்டுதான் வந்தீங்களா? என்ன சொன்னாரு? அளவு எழுதுன தாளு சரியாதான் இருந்திச்சி, சிசிலியாதான் தராசப் பாக்கத் தெரியாம அள்ளிக் கொட்டிட்டான்னாரா? எழுத்துலயே குடுத்துட்டாரா? கையெழுத்து போட்டா?

பாருங்க மேடம், பதினாலு வருஷம். அவரு பொண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணப்ப மூணு வேளையும் கஞ்சி வச்சி ஆஸ்பத்திரிக்குக் குடுத்துவிட்டது நானு. சரி, அது உங்களுக்கு வேண்டாம். இத மட்டும் கேளுங்க. அவரு சொன்னத நம்பி நீங்க ரிப்போர்ட்டுல ஏத்திட்டீங்கன்னா எனக்கு மூணாவது லெட்டரு வந்துடும். வார்னிங் லெட்டரு ரெண்டு ஏற்கெனவே வாங்கிட்டேன். மூணாவதுன்னா வீட்டுக்குதான். அதுக்கப்புறம் நானூறு பேரு வாய வேக வச்சவளுக்கு மலாக்காவுல எவன் அடுப்பு குடுப்பான்? அதான் நான் பயப்படறேன். தப்பா சொல்லிடுவேனோன்னு.

அளவுதானே கேட்டீங்க. வரேன், வரேன்.

எங்க கிச்சன்ல எல்லாத்துக்கும் பால் டின்னுதான் அளவு. கெட்டிப் பாலு வருதுல்ல, தேத்தண்ணிக்கு ஊத்தறது, அந்த டின்னு. மேல் மூடிய சுத்தி வெட்டி எடுத்துட்டு வெளிம்ப சுத்தியலால தட்டிவிட்டா கையக் கிழிக்காது. எஸ்டேட்டுல எங்கம்மா காலத்துலயும் அதான், கேட்டரிங்லயும் அதான். அரிசி எத்தன டின்னு, தண்ணி எத்தன டின்னு, உப்பு எத்தன டின்னு. எண்பது கிலோ மட்டன் பெரட்டலுக்கு தல தட்டுன பத்து டின்னு மொளகாத்தூளு, பன்னெண்டு டின்னு மல்லித்தூளு, ரெண்டு டின்னு உப்பு. ராவுல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பதினாலு வருஷத்துல ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. சொல்லியிருக்காங்க, நல்லாருக்குன்னு.

அப்பதான் ஜோனிட்டா வந்திச்சி. முதலாளியோட ஒரே மவ. கோலாலம்பூர்ல மூணு மாசம் கிச்சன் மேனேஜ்மென்டோ என்னமோ படிச்சிட்டு, சர்ட்டிபிகேட்டுக்கு கண்ணாடி போட்டு ஆபிஸ்ல மாட்டிட்டு, வெள்ளக் கோட்டோட அடுப்படிக்கு வந்திச்சி. நல்ல புள்ள மேடம். அத நான் ஒரு குத்தமும் சொல்லல, அதயும் எழுதிக்குங்க. வந்ததும் என்னப் பாத்து, ஆண்டி, டின்னுலாம் ஒரு அளவே இல்ல, உலகத்துல எந்தப் பெரிய கிச்சன்லயும் டின்னு கெடையாது, எல்லாத்தயும் கிராமுக்கு மாத்தணும், நாளைக்கு நீங்க செத்துட்டீங்கன்னா நாங்க என்ன பண்றதுன்னு கேட்டிச்சி. மொகத்துக்கு நேரா. மனசுல ஒண்ணும் வச்சிக்கத் தெரியாத புள்ள.

முதலாளி பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆமா சிசிலியா, நீ செத்துட்டா கஷ்டந்தான்னாரு.

அப்புறம் ரெண்டு நாளு உக்கார வச்சி கேட்டிச்சி. நான் ஒவ்வொரு சமையலா சொல்லச் சொல்ல அது கம்ப்யூட்டர்ல தட்டிச்சி. ஒரு எடத்துல நிறுத்தி, ஆண்டி, ஒரு டின்னுக்கு எத்தன கிராமுன்னு கேட்டிச்சி. எனக்கென்ன தெரியும்? டின்னுக்கு ஒரு டின்னுதான்மான்னேன். அது சிரிச்சிக்கிட்டே டின்னத் திருப்பிப் பாத்திச்சி. பக்கத்துலயே அச்சடிச்சிருக்குதுல்ல, மலாய்ல ஒரு தடவ இங்கிலீஷ்ல ஒரு தடவ, ஐநூறு கிராம்னு. இதோ பாருங்க ஆண்டி, இத்தன வருஷமா கையில வச்சிக்கிட்டு படிச்சிக்கூடப் பாக்கலையான்னு கேட்டிச்சி. எனக்கு வெக்கமாப் போச்சி.

அவ்வளவுதான் மேடம். ஒரு டின்னுக்கு ஐநூறு கிராம். மொளகாத்தூளு பத்து டின்னா? அஞ்சு கிலோ. மல்லி பன்னெண்டு டின்னா? ஆறு கிலோ. சோம்புத் தூளு, மெளகுத் தூளு, அரிசி, தேங்காப்பூ, எல்லாம் டின்னுக்கு ஐநூறு. டக்கு டக்குன்னு தட்டிச்சி. அந்த வேகத்தப் பாத்து முதலாளிக்கு கண்ணுல தண்ணி.

சோதிச்சிப் பாக்கலையான்னா? பாத்திச்சே! அத சொல்லலன்னா அந்தப் புள்ளைக்கு நான் துரோகம் பண்ண மாதிரி. புதுசா ஒரு தராசு வாங்கினாங்க, நம்பரு மின்னுமே, அது. ஜோனிட்டா கைக்குக் கிட்டக்க இருந்தது உப்பு. ஒரு டின்னு உப்ப அள்ளி வச்சிச்சி. நானூத்தி அறுவத்தஞ்சோ என்னமோ காட்டிச்சி. பாத்தீங்களா, ஏறக்குறைய ஐநூறுதான், தல தட்டறப்ப கொஞ்சம் கொறஞ்சிடுச்சின்னு சொல்லிட்டு தராச மூடிடுச்சி. எல்லாத்தயும் நிறுக்க நேரம் எங்க இருக்குது மேடம், அன்னைக்கே அதெல்லாம் லேமினேட் பண்ணணும்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், அப்புறம் சிசிலியா சிரிச்சிக்கிட்டே வாக்குமூலம் குடுத்தான்னு ஆயிடும்.

தாளு வந்திச்சி. நாப்பது தாளு, எல்லாம் பளபளன்னு பிளாஸ்டிக் போட்டு, வளையத்துல கோத்து, செவுத்துல மாட்டினாங்க. பக்கத்துல ரூல்ஸு. ஒண்ணு, தாளப் பாக்காம அடுப்பப் பத்த வைக்கக் கூடாது. ரெண்டு, கண்ணளவு, கையளவு, டின்னளவு கூடாது. இப்படியே போவும். ஏழாவது ரூல்தான் முக்கியம். ருசி பாக்கக் கூடாது. கைய வாயில வைக்கறது சுத்தம் இல்லையாம். அதுவும் இல்லாம தாளுபடி போட்டா ருசி தானா வந்துடுமாம், அப்புறம் எதுக்குப் பாக்கணும்? பழைய டின்னெல்லாம் குப்பைக்குப் போச்சி. முதலாளி பாதிரியாரக் கூட்டிட்டு வந்து தராசுக்கு தீர்த்தம் தெளிச்சாரு. சத்தியமா. மீனம்மாவக் கேளுங்க, என்கூட வேல செய்றவ, அவ சாமி கும்புடறவ, அவளும் போயி தராசுக்குப் பொட்டு வச்சிட்டு வந்தா. அதுக்கு ஜோனிட்டா திட்டிச்சி, எட கூடிடும்னு.

மொத ஒரு வாரம் நான் என்ன பண்ணேன்னா, பொய் சொல்லக் கூடாது, தாளப் பாக்கற மாதிரி பாத்துட்டு டின்னுலதான் போட்டேன். தேத்தண்ணிக்குத்தான் தெனம் ரெண்டு டின்னு ஒடைக்கறோமே, அதுல ஒண்ணக் கழுவி ஒளிச்சி வச்சிக்கிட்டேன். சாப்பாடு எப்பவும் போல போச்சி. ஜோனிட்டா எல்லாருகிட்டயும், பாத்தீங்களா, கிராமுக்கு மாத்தினதும் ருசி எப்படி நிக்குதுன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சிச்சி. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா ஆத்தரமான்னு தெரியல.

அப்புறம் அடுப்படியில மாட்டியிருக்கற கேமராவுல பாத்துட்டாங்க. மொத லெட்டரு. நிறுவனத்தின் அளவு முறையை மீறியதுக்கு. வீட்டுக்காரரு படிச்சிக் காட்டுனாரு, ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்க குடும்பத்துல யாரும் லெட்டரு வாங்கினதில்ல, நல்லதுக்கும் வாங்கினதில்ல.

சரி, இனிமே தாளுதான்னு முடிவு பண்ணேன். மறுநாளு காலேஜ் புள்ளைங்களுக்கு எரநூறு சாப்பாடு. அரிசி தாளுபடி நிறுத்தேன், தண்ணி தாளுபடி அளந்தேன். டின்னு கணக்குல ஒண்ணுக்கு ரெண்டே கால் தண்ணி விடற மாதிரி நிப்பாட்டுவேன். தாளுல அரிசி ஐநூறு கிராம், தண்ணி ஆயிரத்தி நூத்தி சொச்சம். சோறு பொங்கி வந்திச்சி, பாத்தா தண்ணி பத்தாம நட்டு நட்டா நிக்குது. ஒரு பையன் தட்டுல கொட்டறப்ப சத்தம் கேட்டிச்சி மேடம், சோறு விழுந்து சத்தம் கேட்டிருக்கீங்களா? அன்னைக்கு பயத்துல கடைசி அண்டாவுல மட்டும் ரெண்டு சொம்பு தண்ணி சேத்து விட்டேன். அந்த அண்டா சோறுதான் எல்லாரும் தேடித் தேடிப் போட்டுக்கிட்டாங்க.

ரெண்டாவது லெட்டரு எதுக்குன்னு நெனைக்கிறீங்க? வேகாத சோத்துக்கா? இல்ல. அந்த ரெண்டு சொம்பு தண்ணிக்கு! தாளுல இல்லாத தண்ணி சேத்ததாலதான் மத்த அண்டாவெல்லாம் கெட்டுப் போச்சாம். ஒரு அண்டாவுல ஊத்துன தண்ணி இன்னொரு அண்டாவ எப்படிம்மா கெடுக்கும்னு கேட்டேன். கன்சிஸ்டன்சின்னு ஜோனிட்டா சொல்லிச்சி. எனக்கு அது என்னான்னு தெரியல, லெட்டர மடிச்சி எடுத்துட்டு வந்துட்டேன். தாளுபடி போடலன்னாலும் லெட்டரு, போட்டு கெட்டுப்போனாலும் லெட்டரு. போட்டு, கெட்டுப்போயி, காப்பாத்தப் பாத்தாலும் லெட்டரு.

அதுக்கப்புறம் மூணு வாரம் எப்படி ஓட்டுனேன்னு கேக்குறீங்களா? பெருசா காரமா எதுவும் வரல மேடம், கடவுள் புண்ணியம். கஞ்சி, சூப்பு, கேசரி. கேசரி மட்டும் செங்கல்லு மாதிரி வந்திச்சி. ஜோனிட்டா அத சதுரமா வெட்டி, மேல ஒரு முந்திரிய வச்சி, புது ஐட்டம்னு பேரு வச்சிடுச்சி. வித்துப் போச்சி! ஜனங்க எத வேணாலும் சாப்புடுவாங்க, மேல முந்திரி இருந்தா.

அப்புறந்தான் லியோனல் கல்யாணம். ஜாசின்ல மண்டபம், நானூறு பேரு, சனிக்கெழம மத்தியானம். மாப்பிள்ள லியோனலோட அப்பா முதலாளிக்குக் கூட்டாளி. அதுனால முதலாளிக்குப் பெரிய கௌரவம். எண்பது கிலோ மட்டன் பெரட்டலு, கோழி, பருப்பு, பிரியாணி, எல்லாம். வியாழக்கெழம ஜோனிட்டா மளிகைக்கு ஆர்டரு போட்டிச்சி. சாயந்தரம் மளிகைக் கட மஜீது பாய் எனக்கு போன் பண்ணாரு. என்ன சிசிலியாம்மா, அஞ்சு கிலோ மொளகாத்தூளு கேட்டிருக்காங்க, வேற எடத்துல கெளக் கட தொறக்கப் போறீங்களான்னாரு. இல்ல பாய், கல்யாணந்தான்னேன். எத்தன கல்யாணம்னாரு. ஒண்ணுதான் பாய், தாளு அப்படித்தான் சொல்லுதுன்னேன். பக்கத்துல யார்கிட்டயோ தயிரு எத்தன பெட்டி இருக்குதுன்னு கேட்டாரு மேடம். அப்புறம், சரிம்மா, தாளு சொன்னா சரிதான், கூடவே ரெண்டு பெட்டி தயிரும் அனுப்பறேன், காசு வேண்டாம்னாரு. அவரு அந்தக் காலத்து மனுசரு.

ஜோனிட்டாகிட்ட சொன்னேனா? மஜீது பாய் கேட்டதயா? சொன்னேன் மேடம். சொல்லாம இருப்பனா. மஜீது பாய் ஏன் இவ்வளவுன்னு கேக்குறாருமான்னேன். கடக்காரங்களுக்கு வித்தா சந்தோஷந்தானே ஆண்டி, அவருக்கென்ன ரெசிப்பி தெரியும்னு சொல்லிச்சி. அதுவும் ஞாயந்தானே.

சனிக்கெழம காலையில அஞ்சர மணிக்கு அடுப்பப் பத்த வச்சோம். தாள ஒவ்வொண்ணா நான் வாசிக்க, மீனம்மா அள்ள, தராசுல முழு நம்பரு வந்ததும் கிலோ கிலோவா கொட்டுனோம். ஒரு கிராமு கூட இல்ல, கொறையவும் இல்ல. மூணாவது கிலோ மொளகாத்தூளு உள்ள போனப்பயே மீனம்மா தும்ம ஆரம்பிச்சிட்டா. நாலாவது கிலோவுக்கு பக்கத்து டயர் கடைக்காரன், சீனன், கதவத் தட்டி, அக்கா, என்ன தீப்புடிச்சிருச்சான்னு கேட்டான். அஞ்சாவதுல ஜோனிட்டா மாஸ்க்கு மேல மாஸ்க்கு போட்டுக்கிட்டு வந்து எட்டிப் பாத்து, ஆண்டி, கலரு எவ்வளவு அழகா வந்திருக்குதுன்னு சொல்லிச்சி. அழகாதான் மேடம் இருந்திச்சி. சாயங்காலம் வானம் சிவக்குமே, அந்த மாதிரி. மல்லித்தூளு ஆறு கிலோ போட்டதும் கரண்டி நட்டுக்கிட்டு நின்னுச்சி.

ருசியா? நான் ஏன் பாக்கறேன்? ஏழாவது ரூலு!

மண்டபத்துக்கு நான் போவல. சமையக்காரங்க லாரியில ஏத்தி விடறதோட நின்னுடுவோம். ஆனா மீனம்மா எடுத்து வைக்கப் போனா, அவ வந்து சொன்னதுதான். மொதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சாம். பாதிரியாரு ஜெபம் சொன்னாரு, மாப்பிள்ளையும் பொண்ணும் மேடையில, கூட்டாளிப் பயலுங்க எல்லாரும் கிளாஸத் தூக்கி சீனங்க கல்யாணத்துல மாதிரி யாம் செங்னு நீட்டி முழக்கி கத்துனாங்களாம். அந்த சத்தம் அடங்கி எல்லாரும் மட்டன வாயில வச்சாங்க பாருங்க. அப்புறம் நானூறு பேரும் மெல்லறத நிறுத்திட்டாங்களாம். ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்கறாங்களாம். நமக்கு மட்டுந்தானா, இல்ல எல்லாருக்குமான்னு. நம்ம ஆளுங்கதான் தெரியுமே, கல்யாண வீட்டுல காரம்னு சொன்னா மரியாத இல்லன்னு நெனப்பாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா, கண்ணுல தண்ணியா ஊத்துது, நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு தலைய ஆட்டிக்கிட்டே ரெண்டாவது கரண்டி வாங்கினாராம். அவரத்தான் மொதல்ல கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

அப்புறம் ஒரு சின்னப் புள்ள வீல்னு கத்திச்சாம். அவ்வளவுதான். தண்ணி போத்தலு தீந்துது. ரோஸு சிரப்பு கலக்கி வச்ச ட்ரம்மு தீந்துது. ஐஸ் பெட்டியில மீன் வாட அடிக்கற ஐஸயும் விட்டு வைக்கல. கேக்கு மூணு அடுக்கு, பொண்ணும் மாப்பிள்ளையும் கத்தி எடுத்துட்டுப் போறதுக்குள்ள, புள்ளைங்க கீழ் அடுக்க கையால வழிச்சி நாக்குல தடவிக்கிட்டிருந்துச்சாம். பொண்ணு அழுதிச்சாம், கண்ணு மையெல்லாம் வழிஞ்சி. வீடியோக்காரன் அத, பொண்ணு தாய் வீட்ட நெனச்சி அழுவுதுன்னு பாட்டு போட்டு எடுத்திருக்கான். மேடையில பாட வந்த ஆளு, எல்லா கல்யாணத்துலயும் விடாம பாடுவாரு, அன்னைக்கு அவருக்குக் கொரலே வரலையாம். அது ஒண்ணுதான் நல்லது நடந்துச்சின்னு மீனம்மா சொன்னா.

ஆமா மேடம். முப்பத்தொரு பேரு கிளினிக்கு. எனக்கும் தெரியும், சிரிக்கற விஷயம் இல்ல. வயித்து வலி, வாந்தி, ஒரு வயசானவங்களுக்கு டிரிப்ஸு ஏத்துனாங்க. இப்ப எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்கல்ல? அந்த அம்மாவுமா? மாதாவே. நான் தெனமும் ஒரு செபமால சொல்றேன்.

என்ன தப்புன்னு மண்டபத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க. நிவேந்திரன் வாத்தியாருன்னு, சயன்ஸ் சொல்லிக் குடுக்கறவரு, விருந்தாளியா வந்திருந்தாரு. நாக்குல ஐஸ வச்சிக்கிட்டே முதலாளி போன்ல இருந்த தாளப் பாத்து, டின்னக் கிராமுக்கு மாத்தின கதையயும் கேட்டுட்டு, ஐயா, டின்னு மேல போட்டிருக்கற ஐநூறு கிராம் உள்ள இருந்த பாலோட எடைன்னாராம். பாலு கெட்டியானது, கனம். அதே டின்னுல தூளப் போட்டா மூணுல ஒரு பங்குதான் எடை வரும். டின்னு கொள்ளளவ அளக்குது, தராசு கனத்த அளக்குது, ஒவ்வொண்ணுக்கும் வேற கணக்குய்யா, உப்பு மட்டும் ஏதோ பக்கத்துல வந்து மாட்டிக்கிச்சின்னாராம். எவ்வளவு தெளிவா சொல்லியிருக்காரு பாருங்க. மீனம்மா வந்து சொன்னப்பதான் எனக்கே வெளங்கிச்சி. நான் படிக்காதவ, எனக்கென்ன தெரியும்?

முதலாளி ஒத்துக்கல. லேமினேட் பண்ண தாளுல எப்படி தப்பு வரும்னு கேட்டிருக்காரு. அன்னைக்கு சாயந்தரமே செவுத்துலேருந்து நாப்பது தாளயும் கழட்டிட்டாங்க. கேமராவும் அந்த நாளு மட்டும் வேல செய்யலையாம். எனக்கு போன் பண்ணி, சிசிலியா, கண்ணு தெரியாம நம்பர மாத்திப் படிச்சிட்டேன்னு சொல்லிடு, அவ சின்னப் பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குதுன்னாரு. நான் அழுதுட்டேன் மேடம். எனக்கு மட்டும் என்ன இருக்குது, காட்சி?

ஆதாரமா?

தாளுபடிதான் போட்டேன்றதுக்கா? இல்லன்னா அவரு எழுதிக் குடுத்ததுதான் நிக்குமா?

இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வரேன். இந்த போன்ல எனக்கு தேடத் தெரியாது. இதோ. இது மொளகாத்தூளு, தராசு மேல. நம்பரு தெரியுதா? அஞ்சு, அப்புறம் மூணு சைபரு. பக்கத்துல தாளயும் சேத்து வச்சிருக்கேன், படிக்கற மாதிரி. இது மல்லி, ஆறு கிலோ. இது சோம்பு. தள்ளுங்க, இன்னும் இருக்குது. மெளகு. அரிசி. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ எடுத்தேன், ஒண்ணு ஆடிப் போயிருந்தா இன்னொண்ணு இருக்கட்டும்னு. இதுல ஜோனிட்டா. தராசு பக்கத்துல நின்னு கட்ட வெரலத் தூக்கிக் காட்டுது பாருங்க. நான்தான் நிக்கச் சொன்னேன். ஒரு நெனப்புக்கு எடுத்துக்கறேன்மான்னு. ஆண்டி இப்பதான் மாடர்ன் ஆயிட்டாங்கன்னு அதுக்கு ஒரே சந்தோஷம், என்கிட்டேருந்து வாங்கி அதுவே எங்கயோ போட்டிச்சி, எரநூறு பேரு ஹார்ட்டு குடுத்தாங்களாம்.

உங்களுக்கு அனுப்பறதா? அனுப்பிக்குங்க, எல்லாத்தயும் அனுப்பிக்குங்க.

இதுக்கு முன்னாடியா? இல்ல மேடம். தராசு பக்கத்துல போன எடுத்துட்டுப் போனது அன்னைக்குதான் மொதல் தடவ.

ஏன்னா... சும்மாதான்.

சும்மா இல்ல மேடம். அந்தத் தராசு வந்த அன்னைக்கு, உப்ப நிறுத்துட்டு ஜோனிட்டா போன் பேச வெளிய போச்சி. அது மூடி வச்சிட்டுப் போனத நான் தொறந்து ஒரு டின்னு மொளகாத்தூள வச்சிப் பாத்தேன். நூத்தி எழுவது. மல்லி நூத்தி அம்பது. ஆறாவது படிச்சா போதாதா, அதப் பாத்துத் தெரிஞ்சிக்க? அப்ப சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். படிச்சிக்கூடப் பாக்கலையான்னு கேட்ட புள்ளைகிட்ட எப்படிப் போயி சொல்றது, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் மொத லெட்டரு வந்திச்சி. அப்புறம் ரெண்டாவது வந்திச்சி. அதுக்கப்புறம் சொல்றதுக்கு எனக்கு என்ன மேடம் கிறுக்கா? கொறச்சிப் போட்டிருந்தா நானூறு பேரு நல்லா சாப்ட்டுட்டுப் போயிருப்பாங்க, திங்கக்கெழம எனக்கு மூணாவது லெட்டரு வந்திருக்கும்.

மனசு உறுத்தாம இருக்குமா? ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தடவ சிலுவ போட்டுட்டுதான் கொட்டுனேன். என் மவ கேத்லீனும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தா, அவ புருசனும் லியோனலும் ஒரே பேக்டரி. அவ ஏழு மாசம் மேடம், மொதப் புள்ள. அதான் படமெல்லாம் எடுத்து முடிச்சி, கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு, அவளுக்கு போன் பண்ணேன். மட்டனத் தொடாதடி, உன் புருசனயும் தொட வேணாம்னு சொல்லு, ரெண்டு பேரும் தயிரும் சோறும் சாப்ட்டுட்டு வந்துடுங்கன்னேன். ஏம்மான்னா. சொன்னா கேளுடின்னு வச்சிட்டேன்.

அவளுக்கு போன் பண்ண மணியா? போன்லயே இருக்கும், பாருங்க. பத்தே கால்.

ஆமா மேடம். சாப்பாடு தொறந்தது பன்னெண்டரைக்கு.